மோட்டார் கொட்டாய் வெளிச்சம்

ஏப்ரல் 9, 2024. செவ்வாய்

பூச்சி, இன்றைக்கு மறுபடி உப்பளத்துக்குப் போனேன். உனக்கு முப்பதாம் நாள் படைத்து இரண்டு நாள்தான் ஆகிறது. வீட்டில் இருந்தால் கொடியில் கிடக்கும் உன் துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு உப்பு வாரலாம்.

உன் காலேஜ் நோட்டில் பின்பக்கம் நிறைய தாள் வெள்ளையாக இருந்தது. அதில்தான் எழுதுகிறேன். அஞ்சாவது படித்தவள் கையெழுத்து. நீ இருந்தால், "இன்னாம்மா இது, நண்டு நடந்தா மாதிரி இருக்குது" என்று சிரிப்பாய்.

மோட்டார் கொட்டாயில் ஒயர் புதுசாகப் பளபளக்கிறது. நீ விழுந்த அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது பழைய ஒயர் இல்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் பால் பாக்கெட் கவர் சுற்றி ஒட்டு போட்டிருந்ததே, அது எங்கே போனது என்று கேட்டேன். மேஸ்திரி தட்சணாமூர்த்தி என் முகத்தைப் பார்க்காமலே, "இன்னா கவரு? கனவு கண்டியா சின்னப்பாப்பா?" என்றார். அவரிடம் நான் முன்னாலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தேன், நெருப்புப் பொறி பறக்கிறது என்று.

கூலிக்கு வந்தவர்களை எழுதும் ஆள் நோட்டில் உன் பேர் இல்லை. லீவு நாளில் நீ வந்து வாரினாலும் என் பேரில்தான் சேரும். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஒரு பேர், ஒரு ஜோடி பூட்ஸ். அன்றைக்கு பூட்ஸ் என் காலில் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வேலை செய்யும்போது செத்தாள், அந்த ஒயரால் செத்தாள் என்று ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பக்கத்து வீட்டில் வடை கொடுத்தார்கள். தின்றேன். தின்றுவிட்டேன் பூச்சி.

ஏப்ரல் 17. புதன்

பாண்டியிலிருந்து ஒரு தம்பி வந்தார். சித்தார்த்தன் என்று பேர். வாரப் பத்திரிகையில் எழுதுகிறவர். உன்னைப் பற்றி எழுதவென்றே வந்திருக்கிறார். கடவுளே அனுப்பினார் என்று நினைத்தேன்.

ஒயரைச் சொன்னேன். பால் பாக்கெட் கவரைச் சொன்னேன். ஒரு வரி எழுதினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உப்பளத்துல வேலை செய்யறவங்கள எரிச்சா பாதம் மட்டும் வேகாதுன்னு சொல்றாங்களே. உங்க பொண்ணுக்கு எப்படி இருந்துச்சு?"

"கல்யாணம் ஆகாத பொண்ண எங்கள்ல எரிக்க மாட்டோம் தம்பி. பொதைச்சோம்."

"ஓ" என்றார். கடைக்கு வந்து கேட்ட சாமான் இல்லை என்றால் ஒரு முகம் வருமே, அந்த முகம். பேனாவை மூடிவிட்டார்.

பிறகு உன் படத்தை என் கையில் கொடுத்து உப்புக் குவியல் முன்னால் நிற்க வைத்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "கொஞ்சம் இருங்கம்மா, இப்ப வேணாம். வெயில் இறங்கட்டும், அப்பதான் வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார். வெயில் இறங்கும்வரை அழுகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கினபோது அழுகை வரவில்லை. அவருக்கு அதுவும் குறை.

ஏப்ரல் 22

தம்பி போன் செய்தார். எழுதியதை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"கரன்ட் அடிச்சு செத்தாங்கன்றது மாசத்துக்கு நாலு வருதும்மா. படிக்கிறவங்க பக்கத்த திருப்பிட்டு போயிடுவாங்க. ஒரு ஆங்கிள் வேணும்."

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். எந்தப் பக்கமாக நின்று சொல்கிறோம் என்பதாம். சரியாகப் பிடித்தால் எல்லாரும் படிப்பார்களாம்.

நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வாரினேன். வாருபலகையும் அப்படித்தானே. சாய்த்துப் பிடித்தால் உப்பு மட்டும் வெள்ளையாக வரும். நிமிர்த்திப் பிடித்தால் அடிச்சேறும் சேர்ந்து வந்துவிடும். உனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் இரண்டு கோடை பட்ட பாடு.

உன்னை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது?

ஏப்ரல் 25. வியாழன்

தம்பி திரும்ப வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்தார். என்னென்னவோ கேட்டார். லவ் இருந்ததா. இல்லை. கனவில் வருகிறாளா. இல்லை. கடைசியாக என்ன சாப்பிட்டாள். பழைய சோறு. ஒவ்வொன்றுக்கும் பேனா தாளுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை. பேனா நின்றால் எனக்குப் பயமாக இருந்தது பூச்சி. இவரும் எழுந்து போய்விட்டால் அப்புறம் யார் வருவார்?

உன் நோட்டைப் பார்த்தார். பி.காம் இரண்டாம் வருஷம் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வீட்ல லைட்டு அடிக்கடி போயிடுமா?"

"போவும்."

"மோட்டார் கொட்டாயில லைட்டு இருக்குதுல்ல? அங்க போய் படிக்குமா பொண்ணு?"

அவர் காத்திருந்தார். பேனா காத்திருந்தது.

"ஆமா தம்பி" என்றேன்.

பேனா ஓடியது. அது ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. கலெக்டருக்குப் படிக்கணும் என்று சொல்வாள் என்றேன். அன்றைக்குக் காலையிலும் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனாள் என்றேன். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதான்மா, இதான் வேணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு எனக்குப் பசித்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது பசித்து.

மே 5. ஞாயிறு

வந்துவிட்டது. உன் கூட்டாளி பிரியங்காதான் வாங்கி வந்து படித்துக் காட்டினாள். "உப்பு வெளியில் அணைந்த விளக்கு" என்று தலைப்பு. இரண்டு பக்கம். என் வெறுங்கால் அரைப் பக்கத்துக்கு.

ஒயர் எங்கே என்று கேட்டேன். அவள் தேடினாள். "மின்கசிவு ஏற்பட்டு" என்று இரண்டே வார்த்தை. மேஸ்திரி இல்லை. பால் பாக்கெட் கவர் இல்லை.

பிரியங்கா தாளை மடித்து வைத்துவிட்டு, "ஆன்ட்டி, பூஜா எப்ப கலெக்டர் ஆவணும்னு சொன்னா?" என்றாள்.

"என்கிட்ட சொல்லுவா."

"அந்தக் கொட்டாயில உக்காந்து படிச்சாளா? அங்க தேள் இருக்குதுன்னு எட்டிக்கூட பாக்க மாட்டாளே ஆன்ட்டி."

அவளுக்கு டீ போடப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டேன். பால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மே 6

என்கூட உப்பு வாரும் பாஞ்சாலை பாத்தி வரப்பில் நின்றுகொண்டு, "வழி வுடுங்கடி, பேப்பர்ல வந்தவ வர்றா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போல. வாய் திறந்திருந்தது.

மே 9

முதலாளி கலையரசன் வீட்டுக்கே வந்தார். உன் சாவுக்கு வராதவர். சாத்துக்குடி கொண்டுவந்தார். சட்டைப் பையில் அந்தப் பத்திரிகைத் தாளை மடித்து வைத்திருந்தார்.

"நல்லா எழுதிக்கிறாங்கம்மா. படிச்சிட்டு எங்க வீட்ல அழுதுட்டாங்க. பொண்ணு படிக்கறதுக்குத்தான் அங்க போவும்னு எனக்கே இப்பதான் தெரியும்."

அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மே 15

சென்னையிலிருந்து ஒரு பார்சல். யாரோ ஒரு அம்மா, கட்டுரையைப் படித்துவிட்டு டேபிள் லைட்டு அனுப்பியிருக்கிறார். "இனி எந்தத் தங்கையும் இருட்டில் படிக்கக் கூடாது" என்று சீட்டு. நம் வீட்டில் டேபிள் இல்லை. அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறேன்.

மே 21. செவ்வாய்

உன் சாவு வேலையில் நடந்ததா என்று விசாரிக்க லேபர் ஆபீஸ் அதிகாரி வந்தார். மேஸ்திரியின் ரூமில் மேசை போட்டு உட்கார்ந்தார். முதலாளி நின்றார், மேஸ்திரி நின்றார். என்னை உட்காரச் சொன்னார்கள்.

ஆள் நோட்டைப் பார்த்தார். "மார்ச் ஒம்போது. பூஜான்னு பேரே இல்லியேம்மா."

"என் பேர்ல சேந்து வரும்ங்க."

"சேந்து வர்றதுக்கு எழுத்துல ஏதாவது இருக்குதா?"

முதலாளி பையிலிருந்து பத்திரிகைத் தாளை எடுத்து மேசை மேல் விரித்தார். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவி விரித்தார். அந்த மேசையில் உன் பேர் எழுத்தில் இருந்த ஒரே காகிதம் அதுதான் பூச்சி. அதிகாரி வாய்விட்டுப் படித்தார். "அன்று காலையும் நோட்டுப் புத்தகத்தோடு கொட்டாய்க்குச் சென்றாள்."

"இத நீங்க சொன்னதுதானே?"

"சொன்னேன்."

"பாத்தியில நின்னா வேலை. கொட்டாயில உக்காந்து படிச்சா அது எப்படிம்மா வேலை ஆவும்?"

அது பொய்ங்க என்றேன். மேஸ்திரி மோட்டாரை நிறுத்தச் சொன்னார், அதற்குத்தான் போனாள் என்றேன். பால் பாக்கெட் கவரைச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கோபமே இல்லை அவருக்கு.

"பத்திரிகைக்கு சொன்னது பொய்னா, எனக்கு சொல்றது மட்டும் எப்படிம்மா நெசம்?"

பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் கெழக்கால பாத்தியில இருந்தேங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். அவள் எனக்குப் பக்கத்துப் பாத்தியில் இருந்தாள்.

"அனுமதியின்றி உள்ளே சென்றதால்" என்று எழுதினார்கள். படித்துக் காட்டினார்கள். நான் கையெழுத்துப் போடத் தெரிந்தவள். போட்டேன்.

மே 22

வேலைக்குப் போகவில்லை.

எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

பாத்தி நிறைந்து தண்ணி வரப்பைத் தாண்டி வழிஞ்சுது. மேஸ்திரி தூரத்திலிருந்து கூப்பிட்டது உன்னை இல்ல. என்னை. "சின்னப்பாப்பா, மோட்டார நிறுத்து" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு இடுப்பு வலி. நான்தான் உன்னைப் பார்த்து, பூச்சி நீ போய் நிறுத்திட்டு வாடின்னேன். நீ, "அம்மா, தேள் இருக்கும்மா"ன்ன. பத்தொம்போது வயசு கழுதைக்கி இன்னாடி தேளு, போடின்னேன். பொறி பறக்குதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவை நானே சொன்னவ. அன்னைக்கி அந்த நேரம் அது நெனப்புல இல்ல. இல்லவே இல்ல. இருந்துச்சா?

தம்பி கேட்டபோது ஆமான்னு சொன்னேனே, அது கட்டுரைக்காக இல்ல. அவர் சொன்ன கதையில நீயே போன. யாரும் அனுப்பல. அதான் அன்னைக்கிப் பசிச்சுது எனக்கு.

ஜூன் 3. திங்கள்

தம்பி போன் செய்தார். கட்டுரைக்கு நல்ல பேராம். வேறு மாநிலத்திலிருந்தெல்லாம் கேட்கிறார்களாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டாய் பொய், கலெக்டர் பொய், அனுப்பினது நான், விசாரணை இப்படி முடிந்தது என்று. 

"அம்மா" என்றார். குரல் மாறியிருந்தது. "இது அதவிட நல்ல ஆங்கிளா இருக்கேம்மா. மகளை அனுப்பின தாய். எழுதட்டுமா?"

"எழுது தம்பி. மொத வரியில ஒயர போடு."

"ஒயர் உள்ள எங்கயாவது வரும்மா. பாத்துக்கலாம். ஆரம்பம் நீங்கதான்."

போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். உள்ளே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

ஜூன் 4

கொட்டாய்க்கு இப்போது தகரக் கதவு. "அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது" என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

ஜூலை 18. வியாழன்

இரண்டு மழைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் பாத்திக்குத் தண்ணி விட்டார்கள். பாத்தி நிறைந்தது. மேஸ்திரி வரப்பில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே, "சின்னப்பாப்பா, மோட்டார நிறுத்து" என்றார். வழக்கமாகக் கூப்பிடுகிற அதே குரல். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் போய்விட்டேன்.

தகரக் கதவைத் திறந்தேன். உள்ளே ஈரம், கிரீஸ் வாசனை, மூலையில் பழைய சாக்கு. சாக்கைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. அதன் அடியில் ஏதாவது அசைகிறதா என்று தரையையே பார்த்துக்கொண்டு, சுவிட்ச் இருக்கிற பக்கம் கையை நீட்டித் தடவினேன். பார்க்காமலே தடவினேன். விரலில் பட்டது. மோட்டார் நின்றது.

புது ஒயர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் பூட்ஸ் இருந்தது.

வெளியே வந்து அந்தப் பாத்தியிலேயே சாயங்காலம்வரை நின்றேன். பாஞ்சாலை வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பூச்சி, நான் போடின்னு சொல்லி அனுப்பினேனே, நீயும் கீழே தேளைத்தான் தேடிக்கிட்டு இருந்தியா, கை அந்த ஒயர்ல படறப்ப?