ஏழாம் நரம்பும் கிணத்துக்கடவுக் காபியும்

2025 ஜனவரி 19, ஞாயிறு

பேத்தி லோகப்பிரியாவுக்குப் பேசியிருக்கும் பையன் கிருபாசங்கரின் வீட்டைப் பார்க்கக் கிணத்துக்கடவு போய் வந்தோம். மகன், மருமகள், நான். தென்னந்தோப்பில் ஒரு காய்ந்த மட்டைகூடக் கீழே கிடக்கவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. பையனின் அம்மா குழந்தையம்மாள் தன் கையாலேயே காபி கொடுத்தார். தகரத்தை நக்கியது போல் இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

காலையிலிருந்து இடது காதுக்குப் பின்னால் வலி.

ஜனவரி 20

கொப்பளித்தால் தண்ணீர் இடது கடைவாயில் ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் பாதி என்னுடையது இல்லை. இடது கண் மூடவில்லை. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. நான் இடது புருவத்தைத் தூக்கினால் இந்த வீடு அடங்கும். அது இன்று எழவே இல்லை.

பக்கவாதம்தான் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் போனதும் அதில்தானே. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேத்துச் சாயங்காலமே இப்படித்தானேம்மா இருந்துச்சு. உங்களுக்கு என்னமோ புடிக்கலைன்னு நெனச்சுட்டேனுங்க" என்றான்.

எழுபத்தாறு வயதில் தெரிந்துகொள்கிறேன், என் முகத்தைப் பற்றி வீட்டில் என்ன அபிப்பிராயம் என்று.

டாக்டர் பிரத்யுஷா சின்னப் பெண். புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது மட்டும் எழுந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். எனக்குக் கோபம். பிறகுதான் விளக்கினார்: நெற்றிக்கு மட்டும் மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறதாம். மூளையில் கோளாறென்றால் நெற்றி பெரும்பாலும் தப்பித்திருக்கும். என் நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டதால், கோளாறு மூளையில் இல்லை. கட்டளை வருகிற வழியில்.

மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடுமாம்.

ஜனவரி 21

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. என்னுடையது ஏழாவது. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகிய சந்து. அதன் வழியே வருகிறது. அங்கே வீங்கினால் ஒதுங்க இடமில்லை, தானே நசுங்குகிறது. சிரிப்பு, கண் சிமிட்டல், கண்ணீர், நாக்கின் முன்பக்க ருசி, எல்லாம் இந்த நூலளவு நரம்பின் பொறுப்பு.

ருசியுமா? அப்படியானால் அந்தக் காபி?

ஜனவரி 24

பயந்தது நடந்துவிட்டது. குழந்தையம்மாள் மருமகளுக்குப் போன் செய்திருக்கிறார். மரியாதை குறையாமல்தான். "உங்க அத்தைக்கு எங்க ஊடு மனசுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுங்க. பெரியவங்க மொகஞ்சுளிச்ச எடத்துல புள்ளைய எப்படிங்க வாழ வெப்பீங்க?"

லோகப்பிரியா மத்தியானம் சாப்பிடவில்லை. அந்தப் பையனோடு பேசப் பேச அவளுக்குப் பிடித்துப்போயிருக்கிறது, எனக்குத் தெரியாதா?

மகன் சொல்கிறான், வியாதி என்று வெளியே சொல்லக்கூடாதாம், பக்கவாதம் வந்த குடும்பம் என்று பேசுவார்களாம். சுளித்தது தப்பு என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நான் சுளிக்கவே இல்லையே. செய்யாததற்கு மன்னிப்பா? முடியாது போடா என்றுவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மருமகளைக் கூட்டிக்கொண்டு, கோணல் வாயோடு கிணத்துக்கடவு போனேன். முகத்தைத் துணியால் மூடவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மூளை, எலும்புச் சந்து, கண், வாய், நாக்கு. பெயர்களெல்லாம் வலப்பக்கம், ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டின் நுனியில். கான்வென்டில் அப்படித்தான் பழக்கினார்கள். குழந்தையம்மாள் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, அப்ப நெசமாலுமே காப்பி நல்லாருந்துச்சுங்களா?"

"தெரியலீங்க. என்ற நாக்கு அன்னைக்கு லீவுல இருந்துச்சு."

சிரிக்க ஆரம்பித்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், வலப்பக்கம் மட்டும்.

"அப்பச் செரிங்க. நரம்பு செரியாகட்டும். மறுக்கா வந்து குடிச்சுப்போட்டு நீங்களே சொல்லுங்க. அப்பறம் உப்புச்சக்கரை மாத்திக்கலாம்."

எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வதுதான். ஆக, என் பேத்தியின் நிச்சயம் என் ஏழாம் நரம்பின் கையில்.

பிப்ரவரி 3

அசைவில்லை.

பிப்ரவரி 6

அசைவில்லை. கண்ணாடி முன் தினம் இருபது நிமிஷம். லோகப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறாள். வரவே வராமல் போனால்? இந்தக் குழந்தை எத்தனை நாள் காத்திருக்கும்? நினைக்காதே, கனகம். செய்.

பிப்ரவரி 11

இடது கடைவாய் துடித்தது! பேத்திதான் முதலில் பார்த்தாள். பிரமை என்றேன். "இல்லீங்க அப்பத்தா, சத்தியமா" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். யாரும் கிள்ளி அறுபது வருஷம் இருக்கும்.

பிப்ரவரி 19

டாக்டர் விசில் அடித்துப் பழகச் சொன்னார். கான்வென்டில் விசில் அடித்ததற்கு ஒரு மணி நேரம் முட்டி போட்டவள் நான். இன்று டாக்டர் சீட்டோடு அடிக்கிறேன். காற்றுதான் வருகிறது.

பிப்ரவரி 23

வந்துவிட்டது. நீளமாக. கீழே மருமகள் குக்கர் விசில் என்று நினைத்து அடுப்பை அணைத்திருக்கிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

கிணத்துக்கடவு. இந்த முறை மகனும் வந்தான். குழந்தையம்மாள் காபியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். கிருபாசங்கர் கதவோரம். எல்லோர் கண்ணும் என் வாயில்.

ஒரு வாய் குடித்தேன். நாக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டது, சந்தேகமே இல்லை. சிக்கரி தூக்கல். பாலில் தண்ணீர். டிகாஷன் இரண்டாம் தரம் இறக்கியது.

கடைசிச் சொட்டு வரை குடித்தேன். "நல்லாருக்குங்க" என்று சிரித்தேன். இரண்டு கடைவாயும் ஒரே அளவில் உயர்ந்தன. குழந்தையம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வருகிற புதன்கிழமை உப்புச்சக்கரை.

இடது புருவத்தை நான் தூக்கவில்லை. தூக்கியிருக்க முடியும்.