வெறும் வயிற்றோடு வரவேண்டாம்

இராஜபாளையம்,
ஜூலை 1943

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலிக்கு ஊசி குத்திக்கொள்ள நீங்கள் சனிக்கிழமை வருவதாக ஏசம்மாள் மதினி சொன்னார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இது ஆஸ்பத்திரி ஊசி இல்லை. உள்ளே மருந்து எதுவும் போகாது. ஊசி தலைமுடி கனம்தான் இருக்கும். எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும், பிறகு அந்த இடம் கனக்கும். வலி முழங்காலில் என்றாலும் கையிலும் குத்துவார். பயந்து இழுத்துவிடாதீர்கள்.

குத்துகிறவர் என் வீட்டுக்காரர்தான். இத்தனை வருடமாக நீங்கள் 'அந்தச் சீனாக்காரன்' என்று சொல்கிறீர்களே, அவரேதான். ரங்கூனில் தன் அப்பாவிடம் கற்ற வைத்தியம். இப்போது தமிழ் நன்றாகவே பேசுகிறார். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். அத்தை என்று சொல்லியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. பூசைக்குப் போவதுபோல, வைத்தியத்துக்கும் ஒன்றும் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்து போவது உங்கள் வழக்கம். இங்கே அது ஆகாது. வெறும் வயிற்றில் குத்தினால் மயக்கம் வரும் என்று அவர் ஊசியையே தொடமாட்டார்.

"ஊசிக்கு வாரேன், ஆனா அவ வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதையும் மதினி மறைக்கவில்லை. சரி, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் வன்னியம்பட்டியிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்குவதற்குள் அது செரித்துப்போகும்.

அதனால் சனிக்கிழமை மூன்று பேருக்கு உலை வைக்கிறேன். நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அவர் ஊசியை எடுப்பார்.

உங்கள் மகள்