நாலாம் நம்பர் படகின் தரைக்கு அடியில்

பென்ரின், கார்ன்வால்
9 மே 1981

அன்பு மகள் மொர்வென்னாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், மனசுக்குத்தான் இல்லை. நீ அந்த அசோர்ஸ் தீவில் இன்னும் கரையிலேயே இருக்கிறாய் என்று தெரிந்தால் அதுவும் சரியாகிவிடும். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, நீ வரப்போகிறாய் என்று குங்குமப்பூ ரொட்டிக்கு இப்போதே சாமான் வாங்கி வைத்துவிட்டாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் பட்டறையில் அந்த அச்சில் மொத்தமே ஆறு பாய்மரப் படகுதான் வார்த்தோம், அதில் நாலாவதை நீ தேடிப் பிடித்து, அப்பா கட்டியது என்பதற்காகவே வாங்கி, அதிலேயே வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்ததை அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். எதிர்காற்றில் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகிறது என்கிறாய், உண்மைதான், அன்றைக்கு முப்பதடிப் படகுகளில் அதை முந்த ஆளில்லை. பின்காற்றில் பெரிய பாயை ஏற்றினால் குடிகாரன் மாதிரி இரண்டு பக்கமும் உருள்கிறது என்கிறாய், அதுவும் உண்மை, பின்புறத்தை அப்படிக் குறுக்கியது பந்தய விதிக்காக. ஆனால் கடைசி வரியில், படகு நன்றாகச் சாயும்போது அறைத் தரைக்கு அடியில் டொக் என்று ஒரு சத்தம், நான் கண்டுகொள்வதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும் மகளே. பந்தயத்துக்கு முன்னால் பந்தயக் குழுவின் அளவுகாரர் வந்து, படகை அசையாத தண்ணீரில் நிறுத்தி, பக்கவாட்டுக் கழியில் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார். அதிகம் சாய்கிற படகு மெதுவாகத்தான் போகும் என்று கணக்கு, அதனால் அதற்குப் பந்தயத்தில் நேரச் சலுகை உண்டு. முந்தின நாள் நாங்களே சோதித்துப் பார்த்தபோது நாலாம் நம்பர் அசைந்து கொடுக்கவில்லை. முதலாளி பாஸ்கோ, "என்னடா இது, பாதிரியார் மாதிரி வெறைச்சுக்கிட்டு நிக்குது, கொஞ்சம் ஆட வைடா" என்றார். எடை மேலே ஏறினால் படகு சுலபமாகச் சாயும் என்று, படகை நிமிர்த்தி வைக்கிற அடிப்பாரத்திலிருந்து முந்நூறு கிலோ ஈயத்தை வெட்டி, இருபது கட்டிகளாக வார்த்து, மேலே அறையின் தரைப்பலகைக்குக் கீழே அடுக்கினேன். பிசின் ஊற்றி ஒட்டியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் அளவுகாரர் வருகிறார், அந்தக் குளிரில் பிசின் இறுகாது. பிறகு ஒட்டலாம் என்று பலகையை மூடி, நாலு மரத்துண்டு வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். சலுகை கிடைத்தது, எல்லோரும் பீர் குடிக்கப் போனோம். அடுத்த வாரமே ஒருவர் படகை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து வருஷமாக நான் வாயைத் திறக்கவில்லை. நீ கேட்கிற டொக், அந்தக் கட்டிகள் நகர்ந்து இடிக்கிற சத்தம்.

பெரிய அலை ஒன்று அந்தப் படகைப் புரட்டினால் தாழ்ப்பாள் நிற்காது. இருபது கட்டியும் கூரைக்குப் போகும், நடுவில் நீ இருப்பாய். அடிப்பாரம் குறைந்த படகு திரும்ப நிமிரவும் நேரமாகும். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அம்மாவிடம் சொன்னேன். கடிதத் தாளை எடுத்து என் முன்னால் வைத்து, "இப்பவே எழுது ஜோரி, ஒண்ணு விடாம எழுது. அவ உன்னைத் திட்டினா திட்டட்டும், உசிரோட இருந்து திட்டட்டும்" என்றாள்.

ஆகவே பலகையைத் தூக்கிப் பார். கட்டிகளை இரும்புப் பட்டை போட்டு, குறுக்குச் சட்டங்களோடு போல்ட் முடுக்கு, பலகைக்கும் திருகாணி போடு. எடை குறையட்டும் என்று அவற்றைக் கரையில் இறக்கிவிடாதே, படகு நிமிர இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடும். உனக்குக் கடிதம் வந்து சேருகிற அந்தத் துறைமுகக் காபிக்கடைக்கு போன் கிடைக்கவில்லை, கிளம்பாதே என்று தந்தி கொடுத்திருக்கிறேன். ஆனால் காரணம் சொல்லாமல் அடக்கினால் அடங்குகிற பெண்ணா நீ, அதனால்தான் இவ்வளவும்.

எந்தக் கடலில் இருந்தாலும் ஆண்டவர் உன் தலைக்குமேல் கை வைத்திருக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இந்தக் கடிதம் உன் கைக்குப் பிரித்த நிலையில் வந்தால் கோபப்படாதே. நீ கிளம்பிப் போயிருந்தால், அந்தக் கடையில் இருக்கிற எந்த மாலுமியானாலும் இதைப் பிரித்து முழுக்க ரேடியோவில் உனக்குப் படிக்க வேண்டும், கடலில் யார் கேட்டாலும் பரவாயில்லை, என் பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
ஜோரி ட்ரெவெல்லா