பாப்பா சீட்டும் இரும்புக் கூண்டும்

மாமா,

நேரில் பேசினால் சண்டையாகிறது. அதனால் எழுதி, கார் ஸ்டியரிங்கிலேயே செருகி வைக்கிறேன்.

போன மாதம் ரேஸ் ட்ராக்கில் உங்கள் தோஸ்து வண்டி உருண்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, உருண்டாலும் கூரை நசுங்கி உங்கள் மேல் விழாமலிருக்க நம் காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு போடச் சொல்லி நச்சரித்தவளே நான்தான். இப்போது வேண்டாம் என்றதும், "இன்னாடி, உனுக்கு ஒரே பேச்சே கெடையாதா?" என்றீர்கள்.

நேற்று பாப்பாவையும் கூட்டிக்கொண்டு எர்ணாவூரில் கலீலுல்லா பாய் கார் பட்டறைக்குப் போயிருந்தேன். பின்சீட்டில் பாப்பா உட்கார்ந்தால் குழாய் எங்கே வரும் என்று கேட்டேன். அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் கை வைத்துக் காட்டினார்.

"ஹெல்மெட் போட்டுகினு குந்துறவனுக்குத்தாம்மா இது காவல். வெறுந்தலைன்னா வெறும் இரும்பு. மணலி ரோட்டுல லாரிக்காரன் சடன் பிரேக் போட்டா இன்னா பண்ணுவே?"

ஸ்பாஞ்சு சுற்றினால் போதும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரு குழாயில் ஸ்பாஞ்சைச் சுற்றி, என் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னார்; வலித்தது.

கூண்டு இல்லாமல் நீங்கள் ட்ராக்கில் இறங்கும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. கூண்டு போட்டால் பாப்பா அதில் ஏறக்கூடாது. நமக்கு இருப்பதோ ஒரே கார். அதற்குள் உங்கள் இருவரையும் சேர்த்துக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

கூண்டையே போட்டுவிடுங்கள். நாங்கள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்கிறோம்.

பின்சீட்டில் மாட்டியிருந்த பாப்பா சீட்டைக் கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டேன். அவள் அதில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, "அப்பா இன்னும் வண்டி எடுக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கு மட்டும் நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி