முதல் கொழுக்கட்டையை நீங்கள்தான் எடுத்தீர்கள்

நேற்று மதியம் மூங்கில் பெட்டியின் மூடியைத் திறந்ததும் இஞ்சியும் கோழியும் வெந்த ஆவி முகத்தில் அடித்துக் கண்ணாடியை மறைத்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரே பார்த்தால், நீங்கள் அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியில் நம் பேத்தி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கிறாள். கோவில்பட்டி பைபாஸில் இருக்கும் அதே சைனீஸ் ஓட்டல்தான். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். மகளும் மாப்பிள்ளையும் விடவில்லை. நீங்கள் போனதிலிருந்து நான் வெளியே எங்கேயும் சாப்பிட்டதில்லை. வீட்டில் சாப்பிட்டதையும் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அன்றைக்கு உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே பெரும்பாடு. குளத்தூரில் ஆடு வளர்க்கிற வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவர்கள் நம் ஆட்கள் இல்லை என்று நீங்கள் நின்றீர்கள். நடுவில் கிடந்து அல்லாடியது நான். அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரு வாய்க் காப்பியாவது குடிக்க வேண்டிவரும், கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடும் என்று அந்தப் பக்கமே போக மறுத்தீர்கள். நம் ஊர் பசுவந்தனைக்கு அவர்களை வரவிடவும் இல்லை. கடைசியில் மகள்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். இது யார் வீடும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை டிம்சம் பஃபே, ஆவியில் வேகவைத்த சைனாப் பலகாரம், மலிவாக வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றாள். "வாரேன். ஆனா பச்சைத் தண்ணிகூட பல்லுல படாது, சொல்லிட்டேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள்.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி, யாராவது வந்து பரிமாறுவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தோம். நாமே எழுந்துபோய் எடுக்க வேண்டும் என்று குளத்தூர்ப் பையன் சொன்னதும், கூப்பிட்டு உட்காரவைத்து நம்மையே எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்ல மரியாதைதான் என்று என் காதில் முனகினீர்கள். பையனே எல்லாருக்கும் கொண்டுவந்து வைத்தான். அத்தனை கோபத்திலும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க உங்களால் முடியவில்லை. "ஏட்டி, இது நம்ம கொழுக்கட்டைல்லா," என்றீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. உங்கள் தட்டு காலியாகவே இருந்தது. நீங்கள் எடுக்காததால் நானும் எடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் சும்மா இருக்கும்போது தான் சாப்பிடுவது முறையில்லை என்று பையனின் அம்மாவும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஜனங்கள் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுகிறார்கள்; நம் மேசை மட்டும் துக்க வீடு மாதிரி இருந்தது. மகள் குனிந்த தலையைத் தூக்கவே இல்லை. இத்தோடு முடிந்தது, இனி இவள் நம் வாசலை மிதிக்கமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை எடுத்து உங்கள் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அப்போதுதான் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்தது. டம்ளரை எடுத்தார், கை நடுங்கித் தண்ணீர் மேசையில் சிந்தியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கிவிட்டது, உங்களுக்கும் சர்க்கரை உண்டே. ஊசி போட்டாச்சா என்று கேட்டீர்கள். உட்கார்ந்ததும் சாப்பாடுதானே என்று நினைத்து, உள்ளே வரும்போதே போட்டுவிட்டாராம். சர்க்கரை இறங்குகிறது என்று உடனே சாப்பிடச் சொன்னீர்கள்.

"நீங்க கை வைக்காம நான் எப்படி அண்ணாச்சி," என்றார் அவர், அந்த நடுக்கத்திலும்.

நீங்கள் சாப்பிட வைத்திருந்த குச்சிகளை ஒதுக்கிவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஒன்றைக் கையால் எடுத்து அப்படியே வாயில் போட்டீர்கள். நாக்கு சுட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டு, பெட்டியை அவர் பக்கம் தள்ளினீர்கள்.

"இந்தா, நான் தின்னுட்டேன். சாப்பிடு தங்கச்சி."

மகள் தலையைத் தூக்கினாள். தங்கச்சி மகன் என்றால் நம் மகளுக்கு முறை மாப்பிள்ளை. அது தெரியாமல் வாய்தவறிச் சொல்லிவிட்ட ஆள் இல்லை நீங்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அந்த அம்மா இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டு, பையன் ஓடிப்போய் வாங்கிவந்த ஜூஸைக் குடித்து, முகம் தெளிந்தார். அதன்பிறகு நீங்கள் அடித்த அடி இருக்கிறதே, பெட்டி பெட்டியாகக் காலி. திரும்பும்போது பஸ்ஸில், பச்சைத் தண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஓட்டல்ல தின்னா அது சேத்தி இல்லட்டி," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கண்ணாடியில் உங்கள் சிரிப்பு தெரிந்தது.

நேற்றும் மேசை நிறையப் பெட்டிகள். என் தட்டு மட்டும் காலி. பசியில்லை, நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கள் என்றேன். கூட வந்திருந்த உங்கள் தங்கச்சி கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டாச்சு மதினி," என்றார். "எங்க அண்ணன் இருந்தா இந்நேரம் எடுத்திருப்பாவ."

வேறு வழி? ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நாக்கு சுட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் உடனே தன் தட்டை இழுத்துக்கொண்டார். நான் இன்னொன்று எடுத்தேன். பிறகு, யாரும் சொல்லாமலே, இன்னொன்றும் எடுத்தேன். நீங்கள் போனதற்குப் பிறகு நேற்றுதான் எனக்குப் பசித்தது.