கூடத்தில் இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
சைகை மொழிபெயர்ப்பாளர் (ஒப்பந்தப் பணி),
மருந்தகத்தை அடுத்த சிறிய அறை,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: இணையதள வருகைக் கணக்கைத் திருத்த அனுமதி வழங்கவும், சைகை மொழிபெயர்ப்புச் சேவையை மூடும் உத்தரவை நிறுத்தி வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. காது கேளாத நோயாளிகள் மருத்துவரிடம் பேசும்போது உடனிருந்து இரு பக்கமும் சொல்வது என் வேலை. என்னை அழைக்க நம் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. பெரும்பாலோர் புறநோயாளிகள் கூடத்தில் உள்ள தொடுதிரையில்தான் அதைத் திறக்கிறார்கள்.

2. அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதால் இம்மாத இறுதியோடு சேவை மூடப்படும் என எனக்குக் கடிதம் வந்துள்ளது. வருகைக் கணக்கு அப்படித்தான் காட்டுகிறது. அப்படிக் காட்டும்படி நாம்தான் செய்து வைத்திருக்கிறோம்.

3. ஊழியர்களின் வருகை கணக்கில் கலக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், அலுவலகக் கண்காணிப்பாளர் மருத்துவமனை இணைய இணைப்பிலிருந்து வரும் வருகைகள் அனைத்தையும் விலக்கிவிட்டார். தொடுதிரையும் அதே இணைப்பில்தான் இயங்குகிறது. அன்றிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் கணக்கில் இல்லை.

4. அவரிடம் நேரில் விளக்கினேன். அந்தப் பக்கத்தின் வழியே என் கைபேசிக்கு வந்த அழைப்புச் செய்திகளையும் காட்டினேன். மருத்துவமனைக் கணக்கில் ஏறாதது செல்லாது என்றார். விலக்கும் அமைப்பை (செட்டிங்கை) நானே திருத்தித் தருகிறேன் என்றதற்கு அவர் சொன்ன பதில்: “பாக்கறதுக்கு உங்களுக்கு அனுமதி இருக்கு. மாத்தறதுக்கு இல்ல. கான்ட்ராக்ட் ஆளுக்கு அதுவே அதிகம்.”

5. நம் அலுவலகத்தில் இந்த அனுமதிகளும் நாற்காலியைப் போலப் பதவி பார்த்தே ஒதுக்கப்படுகின்றன. எதையும் மாற்றவும், பிறருக்கு அனுமதி தரவோ நீக்கவோ உதவும் அட்மின் அனுமதி இருவருக்கு உண்டு. ஒருவர் மேற்படி கண்காணிப்பாளர். மற்றவர் ஓய்வு பெற்றுப் போன முந்தைய கண்காணிப்பாளர். பெயரை நீக்கினால் மரியாதைக் குறைவாகிவிடுமாம், யாரும் கை வைக்கவில்லை.

அந்தப் பெரியவரிடம் தொலைபேசியில் பேசினேன். “பாஸ்வேர்ட் தர்றேம்மா, நீயே உள்ள போய் மாத்திடு. அப்படியே என் பேரையும் எடுத்துடு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றார். வேண்டாம் என்றேன். மாற்றம் அவர் பெயரில் பதிவாகும். கேள்வி வந்தால் அவர்தான் வந்து நிற்க வேண்டும். நான் கேட்பது நியாயமான காரியம். அதைக் கொல்லைப்புறமாக நுழைந்து செய்ய எனக்கு மனமில்லை.

6. சென்ற வாரம் நான் விடுப்பில் இருந்த அன்று, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதென்று ஒரு பெண் வந்திருக்கிறார். அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம். முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு “வரவில்லை” என்று குறித்துவிட்டார்கள். மறுநாள் மீண்டும் வந்தவரை நான் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். குழந்தை நலம் என்று நான் சைகையில் சொன்னதும், அவர் என் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். மருத்துவர் மேற்கொண்டு சொன்னதை உடனே சொல்ல எனக்குக் கை இல்லை. அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

ஆகவே, திருத்தும் அனுமதியை என் பெயரிலேயே வழங்கவும், அட்மின் அனுமதி எனக்கு வேண்டாம். கூடத்து வருகைகளை விலக்கும் அமைப்பை நீக்கவும். முந்தைய கண்காணிப்பாளருக்கு நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பி அவர் பெயரை எடுத்துவிடவும். சரியான கணக்கு வரும்வரை சேவையை மூட வேண்டாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும். அதை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போவேன்.

சேவை மூடப்பட்டாலும், அந்தப் பெண்ணுக்கு வலி கண்டு வரும் அன்று பிரசவ அறை வாசலில் நான் நிற்பேன். உள்ளே போக அனுமதி வேண்டுமென்றால், அதையும் இம்மனுவிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புறநோயாளிகள் கூடம்
நாள்: இம்மாதம் 14, செவ்வாய்

இங்ஙனம்,
(ஒப்பம்)
சைகை மொழிபெயர்ப்பாளர்