வசந்திக்குப் பெட்டி கட்டிய வாரம்

5-6-74, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. மேற்கே மலையே தெரியவில்லை, ஒரே சாரல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போடி லைன் இரண்டு அறுந்து கிடக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையெல்லாம் வசவு வாங்கினேன். பக்கத்து சீட் ராஜம், "நீங்க அசரவே மாட்டேங்கிறீகளே அக்கா. சின்ன வயசுல கஷ்டப்பட்டவுகன்னா சும்மாவா" என்றாள். சிரித்து வைத்தேன். பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது.

வாங்க வேண்டியது: வசந்திக்குப் பாவாடை 2, டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு, தே. எண்ணெய், சீப்பு.

ஞாயிறு காலை பஸ். வசந்தியை ஹாஸ்டலில் சேர்க்க. பிள்ளைக்கு ஒன்பது வயது.

6-6-74, வியாழன்

மறுபடி சண்டை. இவர் சொல்வது ஒன்றுதான். "வீட்டுல வச்சுச் செல்லம் குடுத்தா உருப்படுமா? நீ படாத கஷ்டமா? அதனாலதான இன்னிக்கு நாலு பேரு மதிக்க நிக்கிற."

நானே அளந்த கதை. இவரிடம், மதினிமாரிடம், பிள்ளையிடம், பெருமையாக. அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிவிட, நானும் தம்பியும் போடியில் சித்தி வீட்டில். இந்தப் பக்கம் பல வீட்டில் அப்படித்தான். சித்தி போட்டது ஒரு வேளைச் சோறு. கிடைத்த மரவள்ளிக்கிழங்கைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துத் தின்றேன், வகுப்பில் முதலாவதாக வந்தேன். என்ன சாமர்த்தியம் என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

தம்பியை யாரும் கேட்பதில்லை. அவனுக்கும் அதே கஷ்டம், அதே சித்தி. பன்னிரண்டு வயதில் ஓடிப்போனவன். இன்றுவரை தகவல் இல்லை. அவனை ஏன் அந்தக் கஷ்டம் ஆளாக்கவில்லை?

கதையில் நான் விட்டுவிடுவது: அவன் பசி தாங்காமல் அழும்போதெல்லாம் அந்தத் தலையணைமேல் தலை வைத்துத் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

நாளை இவரிடம் சொல்ல வேண்டும்.

7-6-74, வெள்ளி

சொல்லவில்லை. தலைவலி. பூட்டு வாங்கியாயிற்று. லைன் ஒன்று சரியானது.

8-6-74, சனி

சாரல் விட்டது. பெட்டி கட்டினேன். தலையணையை வைத்து அமுக்கும்போது கையில் என்னவோ உறுத்தியது. உறைக்குள் பொரிகடலையும் வெல்லமும், துணியில் முடிந்து.

"என்னடி இது?"

"அங்கன ஒளிச்சு வச்சா ஒருத்தரும் எடுக்க மாட்டாகன்னு நீதானம்மா சொன்ன." பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக, "யாரு அழுது கேட்டாலும் குடுக்க மாட்டேம்மா."

எனக்கு இதைப் பசி சொல்லிக் கொடுத்தது. வயிறாரச் சாப்பிடும் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டினேன். சாயங்காலம் இவர் கடையிலிருந்து வந்து, என்ன இது என்று கத்தினார். வசந்தி போகமாட்டாள் என்றேன். தம்பி அழுததையும் சொன்னேன், தலையணையையும்.

இவர் கீழே கிடந்த தலையணையைக் கையில் எடுத்தார். பிறகு, "ஒன் தம்பி பேரு என்ன?" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.